பழைய ஜீப்பும் பெரிய இஞ்சினும்

பழைய ஜீப் ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறவர்கள் என்றாவது ஒரு நாள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. இந்த வாகனத்தின் இஞ்சினை இறக்கிவிட்டு, இதைவிடச் சக்தி வாய்ந்த வேறொன்றை ஏற்றினால் என்ன என்பதே அது. சரக்கும் ஆட்களுமாக மலைப்பாதையில் ஏறும்போது மூன்றாம் கியர் தாங்காமலும் இரண்டாம் கியர் நகராமலும் தவிக்கிற வேளையிலும், நெடுஞ்சாலையில் சின்னஞ்சிறு கார்கள்கூட ஹார்ன் அடித்துக்கொண்டு முந்திச் செல்லுகிற வேளையிலும் அந்த எண்ணம் எழுவது இயற்கையே. பட்டறைக்காரரைக் கேட்டால், எந்த இஞ்சினையும் எந்த வண்டியிலும் உட்கார வைத்துவிடலாம் என்று அவர் தைரியம் சொல்லுவார். அவர் சொல்லுவது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் உட்கார வைப்பது ஒன்று, உட்கார்ந்த இஞ்சினோடு வாகனம் முழுவதும் பல வருஷம் ஒத்து வாழ்வது வேறொன்று. இந்த இரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சரித்திரத்தைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது அவசியம். ஏனெனில் ஜீப்பின் பிறப்பையே நிர்ணயித்தது இஞ்சின் பற்றிய இந்தக் கேள்விதான். 1940ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய ஒரு சிறு வாகனத்தைக் கேட்டபோது, அதற்கு முதலில் உருவம் கொடுத்தது பாண்டம் என்ற சிறிய கம்பெனி. பின்னர் வில்லிஸும் ஃபோர்டும் போட்டியில் இறங்கின. பாண்டத்தின் இஞ்சினும், டிராக்டரிலிருந்து வந்த ஃபோர்டின் இஞ்சினும் ஐம்பது குதிரைச் சக்தியை எட்டாதவை. வில்லிஸின் இஞ்சினோ, அக்கம்பெனியின் தலைமைப் பொறியாளரான டெல்மர் ரூஸ் என்பவர் பழைய கார் இஞ்சின் ஒன்றைப் பகுதி பகுதியாகச் சீர்திருத்தி, சுமார் 48 குதிரைச் சக்தியிலிருந்து 60க்கு உயர்த்தியிருந்த 2,199 சி.சி. இஞ்சின். ஆனால் அது கனமானது. ராணுவம் விதித்த எடை வரம்போ, பின்னர் தளர்த்தப்பட்ட பிறகும், 2,160 ராத்தல்தான், அதாவது ஏறத்தாழ 980 கிலோ. இஞ்சினைக் கைவிட மனமில்லாத ரூஸ், வாகனத்தின் ஒவ்வோர் அங்கத்தையும் கழற்றி எடை பார்த்து, நீளமான போல்ட்டுகளின் வெளியே நீண்ட நுனிகளைக் குறைத்தும், பெயிண்டின் கனத்தைக்கூடக் கணக்கில் கொண்டும் அந்த வரம்புக்குள் வந்து சேர்ந்தார். ஒரு பெரிய இஞ்சினுக்காக மற்ற அனைத்தும் மறுபடி யோசிக்கப்பட்டன என்பதே இந்தச் சம்பவத்தின் சாரம். பின்னால் வந்த இஞ்சின் மாற்றங்களில் எவை வெற்றி பெற்றன, எவை தோற்றன என்பதற்கு இதுவே திறவுகோல் என்பது என் அபிப்பிராயம்.

யுத்தம் முடிந்து ஜீப் சிவில் வாழ்க்கைக்கு வந்த பிறகும் தொழிற்சாலை இதே வழியில்தான் சென்றது. பழைய இஞ்சினில் இரண்டு வால்வுகளும் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்தன. ஹரிகேன் என்ற புதிய இஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வு மட்டும் மேலே, ஹெட்டுக்கு ஏறியது. கொள்ளளவு மாறாமலே சக்தி எழுபதைத் தாண்டியது; ஆனால் இஞ்சினின் உயரம் கூடிவிட்டது. அந்த உயரத்துக்கு இடம் கொடுக்க வேண்டி 1953இல் வந்த சி.ஜே.3பி மாடலின் பானெட்டை மேலே தூக்க நேர்ந்தது. நம் நாட்டில் மஹிந்திரா கம்பெனி பல பத்தாண்டுகள் தயாரித்து, தாசில்தார் அலுவலகம் முதல் தேயிலைத் தோட்டம் வரை எங்கும் ஓடிய அந்த உயர்ந்த நெற்றி கொண்ட ஜீப்பின் முகம், உண்மையில் ஓர் இஞ்சின் மாற்றத்தின் தழும்புதான். ஜப்பானில் மிட்சுபிஷி கம்பெனி லைசென்ஸ் பெற்று 1953 முதல் 1998 வரை தயாரித்த ஜீப்பும் இதே வம்சம். அவர்கள் அந்த 2,199 சி.சி. அளவிலேயே ஒரு டீசல் இஞ்சினைச் செய்து பொருத்தி, பிற்காலத்தில் 2,659 சி.சி. டீசலுக்குப் போனார்கள்.

அமெரிக்காவில் இதற்கிடையே வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. மலைகளிலும் பாலைவனங்களிலும் பொழுதுபோக்காக ஜீப் ஓட்டியவர்கள், தொழிற்சாலை கொடுத்த நான்கு சிலிண்டர் போதாதென்று, ஷெவர்லே வி-8 இஞ்சினையும் பியூக் வி-6 இஞ்சினையும் தங்கள் கொட்டகைகளிலேயே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த ருசியைக் கம்பெனியும் கண்டுகொண்டது. 1965இல் சி.ஜே.5 மாடலில் பியூக்கின் 225 கன அங்குல வி-6 இஞ்சின், சுமார் 160 குதிரைச் சக்தியோடு, தொழிற்சாலையிலேயே கிடைக்கலாயிற்று. இரண்டு ஆண்டுகளில் அந்த இஞ்சினைச் செய்யும் யந்திர சாதனங்களையே ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து, அப்போது ஜீப்பைத் தயாரித்துவந்த கைசர் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. பிறகு ஜீப் கம்பெனி அமெரிக்கன் மோட்டார்ஸின் கைக்குப் போனதும், அவர்களுடைய நீண்ட ஆறு சிலிண்டர் இஞ்சின் இடம் கேட்டது. அதற்காக 1972இல் முன்பகுதியையே நீட்டி, சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளத்தைச் சுமார் மூன்று அங்குலம் அதிகமாக்கினார்கள். பியூக்கின் வி-6 குட்டையானது. 81 அங்குல வாகனத்தில் எதையும் நீட்டாமல் அது உட்கார்ந்ததற்கு அந்தக் குட்டைத் தன்மையே காரணம். பட்டறையில் வேலை செய்கிறவர் குதிரைச் சக்தியைக் கேட்பதற்கு முன்னே இஞ்சினின் நீளத்தை டேப் வைத்து அளப்பதன் நியாயம் இதுதான்.

இங்கே இங்கிலாந்தின் லேண்ட் ரோவர் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதே பியூக் கைவிட்ட ஓர் அலுமினிய வி-8 இஞ்சினின் உரிமையை 1965இல் ரோவர் கம்பெனி வாங்கியது. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவரில் அது சுமார் 130 குதிரைச் சக்தி கொடுத்தது. அதையே 1979இல் பழைய பாணி லேண்ட் ரோவரில் வைத்தபோது, கார்புரேட்டர் வழியாகப் போகும் காற்றை ஒடுக்கி, அதன் சக்தியை 91க்கு இறக்கிவிட்டார்கள். கையில் இருக்கிற பலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தெரிந்தே கட்டிப்போட்டு விற்றார்கள் என்பது கவனிக்கத் தக்கது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கும், கனரகப் பட்டை வில்களும் கொண்ட அந்த உடம்பு எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்று அறிந்தவர்கள் செய்த காரியம் அது.

இந்தியாவின் கதை முற்றிலும் வேறு. இங்கே மஹிந்திரா 1947இலிருந்து ஜீப்பைக் கொண்டுவந்து பொருத்தவும், பின்னர் தயாரிக்கவும் தொடங்கிற்று. நம்மவர்களுக்கு இஞ்சின் மாற்றம் என்பது வேகத்தின் மேல் கொண்ட ஆசையிலிருந்து வரவில்லை. பெட்ரோல் விலையிலிருந்து வந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, ஹரிகேன் பெட்ரோல் இஞ்சினின் பசியைத் தாங்க முடியாதவர்கள் கண்ணில் பட்ட டீசல் இஞ்சினையெல்லாம் ஜீப்பில் ஏற்றினார்கள். டிராக்டர் மரபில் வந்தவையும் ஏறின, வேன்களிலிருந்து இறக்கப்பட்டவையும் ஏறின. கம்பெனியும் 1979இல் பிரான்சின் பூஜோவோடு ஒப்பந்தம் செய்துகொண்டு எக்ஸ்.டி.பி. 4.90 என்ற டீசலைத் தயாரிக்கும் உரிமையைப் பெற்றது. நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் துளை என்பதே அந்தப் பெயரின் கணக்கு. கொள்ளளவு 2,112 சி.சி. அதன் சக்தி 62 குதிரை மட்டுமே, அதாவது அது இறக்கிவைத்த பெட்ரோல் இஞ்சினைவிடக் குறைவு. ஆயினும் ஜீப்பை இந்தியக் கிராமத்தின் வாகனமாக நிலைநிறுத்தியதில் அந்தச் சாது இஞ்சினுக்குப் பெரிய பங்குண்டு. பின்னாளில் அதையும் இறக்கி, அதே கம்பெனியின் 2,523 சி.சி. நேரடிச் செலுத்து டீசலை ஏற்றிக்கொண்டவர்கள் மிகப் பலர். இழுவை அதிகம், பாகங்கள் எந்தத் தாலுகாத் தலைநகரிலும் கிடைக்கும், ரிப்பேர் தெரியாத மெக்கானிக் இல்லை என்பவையே அவர்கள் கண்ட லாபம்.

சரித்திரம் இவ்வளவு போதும். இனி, சக்தி எங்கே தேவைப்படுகிறது என்ற அடிப்படை விஷயத்துக்கு வருவோம். இதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஜீப் பலவீனமானது என்ற பொதுவான எண்ணத்தைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஆச்சரியமான ஒன்று வெளிப்படும். பழைய சி.ஜே. மாடல்களில் முதல் கியரின் விகிதம் 2.80, தாழ் கியர்ப் பெட்டியின் விகிதம் 2.46; ஆக்சிலில் உள்ள கிரவுன்-பினியனின் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. ஹரிகேன் இஞ்சின் தருகிற முறுக்கு விசை ஏறக்குறைய 155 நியூட்டன் மீட்டர். அது 37 மடங்காகிச் சக்கரங்களை அடையும்போது 5,700ஐத் தொடுகிறது. உராய்வில் போகிற பங்கைக் கழித்தாலும் ஐயாயிரத்துக்குச் சற்றுத்தான் குறையும். ஆட்களோடும் சுமையோடும் 1,400 கிலோ எடையுள்ள ஜீப், நல்ல உலர்ந்த சாலையில் நான்கு டயராலும் பற்றிக்கொள்ளக்கூடிய விசையோ, அதே அளவில் சொன்னால் 4,000 நியூட்டன் மீட்டர்தான். ஈர மண்ணிலும் சரளையிலும் அதில் பாதி. மூன்றுக்கு ஒன்று என்ற கடுஞ்சரிவில் ஏறுவதற்கு வேண்டியதோ 2,000க்குள் அடங்கிவிடும். ஆகவே தாழ் கியரில், வில்லிஸ் கம்பெனி கொடுத்த பழைய இஞ்சினே டயர் சறுக்கும் அளவுக்குப் பலசாலி. அதற்கு மேல் எத்தனை குதிரையைக் கட்டினாலும் டயர்தான் சுழலும், வண்டி ஏறாது.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்புகள் ஏறும் பாதையைப் பார்த்தவர்களுக்கு இது கண்கூடு. பெரும் கற்கள் பெயர்ந்து கிடக்கும் அந்த வழியில் வண்டிகள் மனிதன் நடக்கிற வேகத்துக்குச் சற்று மேலாகத்தான் நகருகின்றன. அங்கே ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதைக் காட்டிலும், மிதிக்காமல் கால் நுனியைப் பிடித்து வைத்துக்கொள்ளுவதில்தான் அவருடைய திறமை இருக்கிறது. தாழ் கியரும், நல்ல டயரும், நிதானமான காலும் கொண்ட வண்டிக்கு அங்கே எதுவும் குறைவில்லை.

அப்படியானால் ஜீப் எங்கே தோற்கிறது? நெடுஞ்சாலையில். 5.38 விகிதமுள்ள ஆக்சிலையும் 28 அங்குல டயரையும் வைத்துக் கணக்கிட்டால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இஞ்சின் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 4,000 சுற்று சுழல வேண்டும். அதுவே அந்த இஞ்சின் முழுச் சக்தியைக் கொடுக்கும் உச்ச எல்லை. சதுரப் பெட்டிபோல் நிமிர்ந்து நிற்கும் உடம்புக்குக் காற்றின் எதிர்ப்பு வேறு; அந்த எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறுவதால், 80இலிருந்து 100க்குப் போவதற்கே காற்றுக்காக மட்டும் இரட்டிப்புச் சக்தி செலவாகிறது. மெதுவாகச் சுழலும் டீசல் ஒன்றை, ஆக்சிலைத் தொடாமல் அப்படியே ஏற்றினவர்களின் அநுபவம் இன்னும் வருத்தமானது. 3,000 சுற்றுக்கு மேல் போக விரும்பாத இஞ்சின் அந்த ஆக்சிலோடு மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் நின்றுவிடும். இழுவை கூடியது, வேகம் குறைந்தது, சத்தமோ காதைப் பிளக்கிறது. இஞ்சினைப் பழித்து என்ன பயன்? மாற வேண்டியிருந்தது கிரவுன்-பினியன்.

ஆகையால் இஞ்சின் மாற்றத்தைப் பற்றி யோசிக்கிறவர் தரையிலிருந்து ஆரம்பித்து மேலே வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதலில் டயர், பிறகு பிரேக், ஆக்சில், புரொப்பெல்லர் ஷாஃப்ட், கியர்ப் பெட்டி, கிளட்ச், கடைசியில் இஞ்சின். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர் எதிரான வரிசை. பழைய இரும்புக் கடையில் ஒரு நல்ல இஞ்சின் அகப்பட்டது என்பதிலிருந்து காரியம் துவங்குகிறது. அதன்பின் அந்த இஞ்சினுக்கு ஏற்ப ஒவ்வொன்றையும் மாற்றிக்கொண்டே போகிற நிலைமை வந்து, இஞ்சின் விலையைப் போல் பல மடங்கு மற்றவற்றில் கரைகிறது. அல்லது பணம் தீர்ந்த இடத்தில் வேலை நின்று, அரைகுறை வண்டி தெருவுக்கு வருகிறது. அரைகுறை வண்டி தெருவுக்கு வருவதுதான் எனக்குக் கவலை அளிப்பது.

இந்த வேலையின் சூக்ஷ்மம் எங்கே இருக்கிறது என்பதை அருகிலிருந்து பார்ப்போம். வேற்றுக் குடும்பத்து இஞ்சினையும் பழைய கியர்ப் பெட்டியையும் இணைக்க, இரண்டுக்கும் நடுவே ஒரு தடித்த இரும்புத் தகடோ அலுமினியத் தகடோ கடைந்து வைக்கப்படுகிறது. ஒரு பக்கத் துளைகள் இஞ்சினுக்கும், மறு பக்கத் துளைகள் பெல் ஹவுசிங்குக்கும் பொருந்தும். துளைகள் பொருந்துவது சுலபம். கோயம்புத்தூரில் எந்த லேத் பட்டறையிலும் அதைச் செய்துவிடுவார்கள். கடினமானது மையம். கிராங்க் ஷாஃப்டின் மைய ரேகையும், கியர்ப் பெட்டியின் உள்வரும் தண்டின் மைய ரேகையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு விலகினாலும் ஆகாது. நல்ல மெக்கானிக் என்ன செய்வார் என்றால், ஃபிளைவீலின் மேல் டயல் கேஜைப் பிடித்து நிறுத்தி, அதன் ஊசி முனை பெல் ஹவுசிங்கின் நடுத் துவாரத்தின் உள்விளிம்பைத் தொடும்படி வைத்து, இஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றி, முள் எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பார். அசைவு அதிகமானால் தகட்டை நகர்த்தி, மறுபடி சுற்றி, மறுபடி பார்த்து, சரியான இடத்தில் ஊசித் துளையிட்டு டவல் பின் அடித்து நிலைப்படுத்துவார். இந்த ஒரு காரியத்துக்கு அரை நாள் போகும். இதைச் செய்யாதவரின் வேலை வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி விரிசல் விடுவதும், கிராங்க் முனையில் உள்ள சிறு பேரிங் அரைபடுவதும், ஓடும்போது கியர் தானே நழுவி வெளிவருவதும் சில மாதங்களில் அதை வெளிப்படுத்திவிடும். அப்போது கியர்ப் பெட்டி பழசு என்று காரணம் சொல்லப்படும். பாவம், கியர்ப் பெட்டி.

ஆக்சில் விஷயத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. டயர் சறுக்குகிறது என்பது ஒரு வகையில் ஆக்சிலுக்குப் பாதுகாப்பு. அதிக முறுக்கு வந்தால் டயர் சுழன்று விசையை விட்டுவிடுகிறது. ஆனால் ஒரு சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு சுழல முடியாத நிலையில், அந்தப் பாதுகாப்பு இல்லை. ஹரிகேன் இஞ்சின் இருந்த இடத்தில் பியூக் வி-6 இருந்தால், அதே 37 மடங்கு விகிதத்தில் 11,700 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கு கீழே வரும். ஆரம்ப கால ஜீப்பின் பின் ஆக்சிலும், முன் சக்கரங்களுக்குப் போகும் சின்ன ஜாயிண்டுகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெரிய டயர் மாட்டினால் இந்த அபாயம் இன்னும் கூடும். உடைகிற இடம் எப்போதும் வாகனம் மிகவும் சிரமப்படுகிற இடமாக, அதாவது ஊருக்கும் ரோட்டுக்கும் தூரமான இடமாக இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிரேக்கைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறேன். வில்லிஸ் ராணுவ ஜீப்பிலும் அதன் அடுத்த சிவில் மாடல்களிலும் இருந்தவை 9 அங்குல டிரம்கள். நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. ஒரு குழாய் விட்டுப்போனால் நான்கும் போயிற்று. மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டியின் வேகத்தை 100க்கு உயர்த்தினால், நிறுத்துவதற்குக் கரைக்க வேண்டிய சக்தி இரண்டு மடங்காகிறது. இரண்டு மடங்கு வெப்பத்தையும் அந்தச் சிறு டிரம்தான் உள்வாங்க வேண்டும். இத்துடன் சக்கரங்களுக்கு இடையே 80 அங்குல நீளமும், 49 அங்குலத்துக்கு மேற்படாத அகலமும் கொண்ட உயரமான வாகனத்தின் ஸ்வபாவத்தையும், தளர்ந்துபோன பழைய ஸ்டியரிங்கையும் சேர்த்துப் பாருங்கள். இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டரும், பெரிய டிரம்மோ டிஸ்க்கோ கொண்ட பிரேக்கும் வைக்காமல் இஞ்சினை மட்டும் பெரிதாக்குகிறவர் தம் உயிரோடு, எதிரே வருகிறவர் உயிரையும் பணயம் வைக்கிறார். பிரேக்குக்குப் பணமில்லை என்றால் இஞ்சினுக்கும் பணமில்லை என்றே பொருள்.

குளிர்ச்சியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாக வெளியேற வேண்டியிருக்கிறது; இஞ்சின் பெரிதானால் ரேடியேட்டரும் பெரிதாக வேண்டும்; இஞ்சின் நீண்டு விசிறி ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டால் காற்று பரவ இடமில்லாமல் போகும். மலையேற்றத்தில், வேகம் குறைந்து காற்றும் குறைந்த நிலையில், இது முதலில் தெரியும். டீசலின் அதிர்வு மவுண்டிங் வழியாகச் சேஸிஸில் இறங்கி, பற்றவைத்த இடங்களில் கீறல் விடுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த இஞ்சின் நல்லது என்ற கேள்விக்கு அநுபவஸ்தர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் விடை, அதே குடும்பத்தில் ஒரு படி பெரியது என்பதுதான். இதற்கு ஜீப்பைக் காட்டிலும் சுஸுகியின் வம்சமே சிறந்த திருஷ்டாந்தம். 1970இல் 359 சி.சி. டூ-ஸ்ட்ரோக் இஞ்சினோடு பிறந்த அந்தச் சிறு நான்கு சக்கர இழுவை வண்டி, 539, 797, 970 என்று படிப்படியாக வளர்ந்து, 1985இன் இறுதியில் மாருதி ஜிப்ஸியாக நம் நாட்டுக்கு 970 சி.சி.யோடு வந்தது. 1996இல் ஜிப்ஸி கிங் 1,298 சி.சி.யைப் பெற்றது, 2000 வாக்கில் எரிபொருளைப் பீய்ச்சும் முறையும் 16 வால்வும் வந்து சக்தி 80ஐ அடைந்தது. இந்த இஞ்சினுக்கு நெருங்கிய உறவான 1,590 சி.சி. இஞ்சின் பலேனோ காரில் இருந்ததால், பலர் அதை ஜிப்ஸியில் ஏற்றிப் பார்த்தார்கள். கியர்ப் பெட்டியோடு இணையும் முகம் பொருந்திவிடுவதால் மேலே சொன்ன தகட்டு வேலையும் மையம் பார்க்கும் வேலையும் இல்லை. ஆனால் காரில் குறுக்காகப் படுத்திருந்த இஞ்சினை இங்கே நெடுக்காக நிறுத்த வேண்டியிருப்பதால் மவுண்டிங்கும், எண்ணெய்ச் சம்ப்பும், காற்று உள்ளே போகும் குழாய்களும் திருத்தப்பட வேண்டும். சக்தியும் 80இலிருந்து 94க்குத்தான் ஏறுகிறது. அந்த மிதமே அதன் பெருமை. பழைய ஆக்சிலும் கியரும் அதைச் சகித்துக்கொள்ளுகின்றன.

சென்ற சில பத்தாண்டுகளில் வந்த புதிய இஞ்சின்களோடு ஒரு புதிய சிக்கலும் சேர்ந்து வந்தது. அவை தனியாக ஓடுவதில்லை. கணினிப் பெட்டியும், டஜன் கணக்கில் சென்ஸர்களும், சாவியை அடையாளம் காணும் சாதனமும் இல்லாமல் அவை கிளம்பவே கிளம்பா. இஞ்சினை மட்டும் இறக்கிக்கொண்டு வந்து, வயரிங்கைக் கத்தரித்துவிட்டு வந்தவர்களின் வேலை மாதக்கணக்கில் கிடப்பதற்கு இதுவே காரணம். பழைய எந்திரப் பம்ப் டீசல்களின் மேல் நம் மெக்கானிக்குகளுக்கு இன்னும் இருக்கும் பிரியம் பழமைப் பற்று அல்ல. ஒரே வயரில் ஓடும் இஞ்சினின் அருமை காட்டில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும்.

இனிச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் ஆதியில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வாகனத்தை உரிமையாளர் மாற்றக்கூடாது என்று சொல்லுகிறது. வேறு எரிபொருளில், அதாவது வாயுவிலோ மின்கலத்திலோ ஓடுவதற்கான மாற்றங்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட சாதனங்களைக் கொண்டு, நிபந்தனைகளோடு அநுமதி உண்டு. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும், உற்பத்தியாளரின் அசல் அமைப்புக்கு முரணான மாற்றங்கள் கூடா என்று உறுதி செய்தது. எனவே ஜீப்பில் வேறு ரக இஞ்சினை ஏற்றுவது இன்று இந்தியாவில் பெரும்பாலும் சட்டத்துக்குப் புறம்பாகவே முடியும், ஏற்றிவிட்டு ஆர்.சி. புத்தகத்தைத் தொடாமல் ஓட்டினால், விபத்து நேர்கிற நாளில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிப்பதற்கு நல்ல காரணம் ஒன்றை நாமே எழுதிக் கொடுத்ததாகும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம் வேறு வழியைப் பின்பற்றுகிறது. வாகனத்தின் வருஷத்தைவிடப் பழைய இஞ்சினை வைக்கக்கூடாது, அந்த இஞ்சினுக்குரிய புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகள் யாவும் கூடவே வர வேண்டும், அரசாங்க நடுவர் பார்த்து முத்திரையிட வேண்டும் என்று விதித்து, அந்த வரம்புக்குள் மாற்றத்தை அநுமதிக்கிறது. இந்த இரண்டில் எனக்கு நியாயமாகத் தோன்றுவது இரண்டாவது. பரீக்ஷை செய்து அநுமதிக்கும் முறை இருந்தால், பிரேக்கைப் பார்க்கவும் ஒருவர் இருப்பார். முழுத் தடை இருக்கும்போது வேலை ஒளிவில் நடக்கிறது, ஒளிவில் நடக்கும் வேலையைப் பரிசோதிப்பவர் எவரும் இல்லை. ஆயினும் சட்டம் மாறும்வரை சட்டம் சட்டமே.

அப்படியானால் இன்று நம் நாட்டில் பழைய ஜீப் வைத்திருப்பவர் செய்யக்கூடியது என்ன? பலவீனம் என்று அவர் எண்ணுவதில் பெரும் பகுதி, தேய்ந்த சிலிண்டரும் அழுத்தம் இழந்த வால்வுகளுமே. ஐம்பது வருஷம் ஓடிய இஞ்சினை ரீபோர் செய்து, கிராங்க்கைக் கடைந்து, வால்வு இருக்கைகளைப் புதுப்பித்து, கார்புரேட்டரையும் இக்னிஷனையும் சீராக்கினால், தொழிற்சாலை கொடுத்த அறுபதோ எழுபதோ குதிரைகள் அப்படியே திரும்பி வரும். பலர் அந்த எழுபதை ஒரு நாளும் ஓட்டிப் பார்த்ததே இல்லை. நெடுஞ்சாலைக் குறைக்கு வேறு பரிகாரம் உண்டு. அமெரிக்காவில் வார்ன் கம்பெனி இதற்கென்றே ஓர் ஓவர்டிரைவ் கியர் செய்து வந்தது. தாழ் கியர்ப் பெட்டியின் பின்புறத்தில், உபரி சாதனங்களை ஓட்டுவதற்கென்று விடப்பட்ட வாயில் பொருந்தி, இஞ்சினின் சுற்றைக் கால் பங்கு குறைத்துவிடும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 4,000 சுற்று கேட்ட இஞ்சினுக்கு 3,000 போதும். முழு வேகத்தில் அலறுகிற சத்தமும், நடுக்கமும், எண்ணெய்ச் செலவும் அதோடு குறைகின்றன.

இவ்வளவும் செய்த பிறகும் மாற்றியே ஆக வேண்டும் என்பவருக்கு, முக்கியமாகத் தம் சொந்தத் தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு, ஒரு வேண்டுகோள். இறக்கிய இஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் பதிந்திருப்பது அதன் எண்தான். வாகனத்தை விற்கும்போதோ, மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவரும்போதோ அந்த எண் கேட்கப்படும். தண்ணீரை முழுவதும் வடித்து, பிளக் துளைகள் வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, கிராங்க்கை இரண்டு சுற்றுச் சுற்றி, துளைகளை எல்லாம் அடைத்து, ஈரம் படாத மரப் பலகையின் மேல் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி கையால் சுற்றிவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளாது.